பாங்காக்கில் ஐந்து இரவுகள்: போக்குவரத்து, உணவு, இரவு விடுதிகள் குறித்துச் சில ஐயங்கள்

நெடுஞ்சாலைநாரை · பதிவு 1

அனைவருக்கும் வணக்கம். அடுத்த மாதம் நண்பர்கள் மூவர் பாங்காக் செல்கிறோம். ஐந்து இரவுகள் தங்குகிறோம். சுகும்விட் சாலையில் அசோக் நிலையத்துக்கு அருகே அறை பதிவு செய்தாகிவிட்டது. கோயில்களையும் அரண்மனையையும் பற்றி வேண்டிய மட்டும் படித்துவிட்டதால் அவற்றை இங்கே கேட்கப் போவதில்லை. என் ஐயங்கள் மூன்றுதான். நள்ளிரவுக்குப் பின் அறைக்குத் திரும்புவது எப்படி என்பது முதலாவது. எங்களில் ஒருவர் முட்டைகூடத் தொடாத சைவர். ஐந்து நாளும் அவர் வாழைப்பழத்தைத் தின்று காலம் தள்ளாமல் இருக்க என்ன வழி என்பது இரண்டாவது. மூன்றாவதைக் கேட்கச் சற்றே கூச்சமாக இருக்கிறது. இன்னொரு நண்பர் அங்குள்ள இரவு விடுதிகளைப் பார்த்தே தீருவேன் என்று பிடிவாதமாக இருக்கிறார். அவர் எந்த விடுதிகளைச் சொல்கிறார் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. சட்டம் என்ன சொல்கிறது, செலவு எங்கே ஏறுகிறது, எந்த இடத்தில் ஏமாறுவோம் என்பதைத் தெரிந்துகொண்டு போக விரும்புகிறேன். தயவுசெய்து கேலி வேண்டாம்.

கீழ்த்திசை · பதிவு 2

தம்பி, நான் பாங்காக்கில் ஒன்பது ஆண்டுகளாகக் கணக்காளராகப் பணிபுரிகிறேன். ஊரிலிருந்து வருகிறவர்களைச் சுற்றிக் காட்டியே என் விடுமுறைகளில் பாதி கழிந்திருக்கிறது என்பதால், முதல் ஐயத்துக்குச் சற்று நீளமாகவே விடை சொல்கிறேன்.

சுவர்ணபூமி விமான நிலையத்தில் மாலைக்குள் இறங்கினால் டாக்சியை நினைக்கவே வேண்டாம். 2010ஆம் ஆண்டிலிருந்து ஓடும் விமான நிலைய ரயிலில் ஏறி மக்காசான் நிலையத்தில் இறங்குங்கள். அங்கிருந்து நடைபாலம் வழியாகப் பெட்சபுரி மெட்ரோ நிலையத்துக்குச் சென்று ஒரே ஒரு நிறுத்தம் பயணம் செய்தால் சுகும்விட் நிலையம் வந்துவிடும். அசோக் அதற்கு நேர் மேலே இருக்கிறது. மேலே ஓடும் ஸ்கைட்ரெயின் 1999இலும் கீழே ஓடும் மெட்ரோ 2004இலும் தொடங்கியவை. இரண்டையும் நடத்துபவர்கள் வேறு என்பதால் ஒன்றில் வாங்கிய சீட்டு மற்றொன்றில் செல்லாது. புதிதாக வருகிறவர்கள் வாயில் எந்திரத்தின் முன் நின்று திகைப்பது பெரும்பாலும் இதனால்தான். மெட்ரோவில் வங்கி அட்டையைத் தட்டிவிட்டே நுழையலாம்.

இவை எல்லாம் நள்ளிரவை ஒட்டி நின்றுவிடும். நள்ளிரவுக்குப் பின் விமான நிலையத்தில் இறங்கினால் தரைத்தளத்துக்குச் செல்லுங்கள். அங்குள்ள எந்திரம் ஒரு துண்டுச்சீட்டைத் தரும். அதில் உங்கள் வண்டி நிற்கும் வரிசையின் எண் இருக்கும். பின்னர் புகார் செய்ய நேர்ந்தால் உதவுவது அந்தச் சீட்டுதான் என்பதால், ஓட்டுநர் கேட்டாலும் கொடுக்காமல் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண வண்டியின் மீட்டர் 35 பாட்டில் தொடங்கும் (பாட் என்பது தாய்லாந்தின் நாணயம்). அதற்கு மேல் விமான நிலையக் கட்டணம் 50 பாட். விரைவுச்சாலையில் சென்றால் சுங்கமும் உங்களுடையது. இது ஏமாற்று அல்ல, முறையான கணக்கு.

விடுதிப் பகுதிகளில் இரவு இரண்டு மணிக்கு நிலைமை வேறு. வாசலிலேயே வரிசையாக நிற்கும் டாக்சிகள் மீட்டர் போடமாட்டா. மூன்று மடங்கு தொகையை வாய்க்கு வந்தபடி சொல்லும். ஐம்பது அடி தள்ளி நடந்து, முதன்மைச் சாலையில் ஓடிக்கொண்டிருக்கும் டாக்சியை மறியுங்கள். முன்கண்ணாடியின் அடியில் சிவப்பு எழுத்து ஒளிர்ந்தால் வண்டி காலி என்று பொருள். நம் கண்ணுக்குச் சிவப்பு என்றால் ‘நிற்காது’ என்று தோன்றும், அங்கே நேர்மாறு. ஏறுவதற்கு முன் இடத்தைச் சொல்லி ‘மீட்டர்’ என்று ஒரு சொல் போதும். அவர் தலையசைத்தால் ஏறுங்கள், மறுத்தால் கதவைச் சாத்திவிட்டு அடுத்ததைப் பாருங்கள், வாதாட வேண்டியதில்லை. இது எதுவும் வேண்டாம் என்றால் கிராப் அல்லது போல்ட் செயலியில் அழைத்துவிடுங்கள், தொகை முன்பே தெரிந்துவிடும்.

கிளைத்தெருக்களை அங்கே ‘சோய்’ என்பார்கள். சுகும்விட்டில் ஒற்றைப்படை எண்கள் ஒரு பக்கமும் இரட்டைப்படை எண்கள் மறு பக்கமும் இருக்கும், ஆனால் அவை ஒன்றுக்கொன்று எதிரெதிரே வாரா. 55ஆம் சோய்க்கு எதிரே நிற்பது 38. இதை அறியாமல் ‘எதிர்த்தெருதானே’ என்று நடந்து கால் வீங்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

டுக்-டுக் என்னும் அவ்வூர் ஆட்டோவைப் பொறுத்தவரை ஒன்றே ஒன்று. ‘இருபது பாட்டுக்கு ஊரெல்லாம் காட்டுகிறேன்’ என்பவரும், ‘அரண்மனை இன்று மூடியிருக்கிறது, நான் வேறோர் இடம் காட்டுகிறேன்’ என்பவரும் உங்களைக் கொண்டுபோய் நிறுத்துவது ரத்தினக்கடையில் அல்லது தையற்கடையில். இந்த ஊரில் கத்தியைக் காட்டிப் பறிப்பவர் அரிது. ஆனால் நீங்களாக நடந்து சென்று நுழைந்த கடையில் ஒரு விலையும், இன்னொருவர் அழைத்துச் சென்ற கடையில் வேறொரு விலையும் இருக்கும். அழைத்துச் சென்றவரின் கூலி உங்கள் பில்லுக்குள்தான் ஒளிந்திருக்கும். ஒன்பது ஆண்டுகளில் நான் கேட்ட புலம்பல்களில் பெரும்பாலானவை இந்த ஒரு வாக்கியத்துக்குள் அடங்கிவிடும்.

மரக்கறிமணி · பதிவு 3

இரண்டாவது ஐயத்துக்கு நான் விடை சொல்கிறேன். நானும் முட்டை சேர்க்காதவன். மூன்று முறை பாங்காக் சென்று, பட்டினி கிடக்காமல் திரும்பியவன்.

முதலில் ஒரு சொல்லைக் கற்றுக்கொள்ளச் சொல்லுங்கள்: ‘ஜே’. சீனப் பௌத்த வழக்கத்திலிருந்து வந்த நோன்புணவு இது. மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்தாக வண்டிகளிலும் கடைகளிலும் தொங்கும். தாய்லாந்து எழுத்து தெரியாதவர் கண்ணுக்கு அது 17 என்ற எண்ணைப் போலத் தெரியும். அந்தக் கொடி இருக்கும் இடத்தில் இறைச்சி, மீன், முட்டை, பால் எதுவும் இல்லை. பூண்டும் வெங்காயமும்கூட இல்லை. ‘மங்சவிரட்’ என்றும் ஒரு சொல் உண்டு. அதற்கும் சைவம் என்றுதான் பொருள், ஆனால் முட்டையும் பாலும் வரலாம். ஆகவே உங்கள் நண்பர் ‘கின் ஜே’ என்று சொல்வதே பாதுகாப்பு. ஆண்டுதோறும் சீன நாட்காட்டியின் ஒன்பதாம் மாதத்தில், பெரும்பாலும் அக்டோபரில், ஒன்பது நாள் விழா நடக்கும்போது சீனர் பகுதியான யாவராத் முழுவதும் இந்தக் கொடிகளாகவே இருக்கும். நீங்கள் அந்த நாட்களில் சென்றால் உங்கள் சைவ நண்பருக்குத்தான் விருந்து.

கொடி இல்லாத கடையில் கண்ணை நம்பக் கூடாது. பச்சைக் கீரையை மட்டும் வதக்கித் தட்டில் வைத்தது போல இருக்கும். அதில் சிப்பிச் சாறு சேர்ந்திருக்கும். பப்பாளிக் காயைத் துருவிய சோம் தாமில் மீன் சாறும் உலர்ந்த இறாலும் உண்டு. பச்சைக் கறியின் மசாலாவை அரைக்கும்போதே இறால் விழுது சேர்ந்துவிடும், ஆகவே ‘இறைச்சி போடாமல் கொடுங்கள்’ என்று கேட்பதில் பயனில்லை. நூடுல்ஸ் கடையில் கொதிக்கும் சாறு பெரும்பாலும் எலும்புச் சாறு. மாம்பழமும் தேங்காய்ப்பாலில் ஊறிய ஒட்டரிசிச் சோறும் கிடைத்தால் கவலையின்றிச் சாப்பிடலாம்.

இன்னொரு வேடிக்கை. முட்டைக்கும் கோழிக்கும் தாய்லாந்து மொழியில் உள்ள சொற்கள் நம் காதுக்கு ஒன்றே போல ‘காய்’ என்று கேட்கும். ஒன்றில் மூச்சு சேரும், மற்றொன்றில் சேராது. அந்த வேறுபாடு நம் எழுத்தில் இல்லை, நாக்கிலும் இல்லை. நானோ முதல் பயணத்தில் காய்கறி என்று காட்டுவதற்காகக் ‘காய், காய்’ என்று தமிழிலேயே சொல்லித் தொலைத்தேன். கடைக்கார அம்மையார் மிகுந்த அன்போடு கோழித்துண்டின் மேல் பொரித்த முட்டையை வைத்துக் கொண்டுவந்தார். அன்றிலிருந்து கைபேசியில் தாய் எழுத்தில் எழுதி வைத்து, அதைத்தான் நீட்டுகிறேன்: முட்டை, மீன் சாறு, சிப்பிச் சாறு, இறால் விழுது எதுவும் வேண்டாம் என்று நான்கு வரிகள்.

வணிக வளாகங்களின் உணவுக்கூடங்கள் மலிவானவை, சுத்தமானவை. அசோக்கிலேயே டெர்மினல் 21 வளாகத்தின் மேல்தளத்தில் ஒன்று இருக்கிறது. பணத்தைக் கவுண்டரில் கட்டி அட்டை வாங்கி, அதைத்தான் கடைகளில் நீட்ட வேண்டும். மீதித் தொகையைப் புறப்படும் முன் திரும்பப் பெற்றுவிடுங்கள். அலுத்துப் போனால் பாஹுராத் பக்கமும் உங்கள் சுகும்விட்டிலும் இந்திய உணவகங்கள் உண்டு. தெருக்கடையை விட விலை மிக அதிகம்.

கீழ்த்திசை · பதிவு 4

மணி அவர்கள் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். குளிரூட்டிய உணவகத்தின் விலைப்பட்டியலில் எண்ணுக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறிகள் இருந்தால், சேவைக் கட்டணம் 10 விழுக்காடும் அதன் மேல் மதிப்புக் கூட்டு வரி 7 விழுக்காடும் பின்னால் வரும் என்று பொருள். 1,000 பாட் என்று நினைத்துச் சாப்பிட்டால் பில் 1,177 ஆகும். இதை மோசடி என்று எண்ணிச் சண்டை போடுபவர்களை வாரம் ஒருமுறையாவது பார்க்கிறேன். தெருக்கடையில் இந்தக் கணக்கு இல்லை.

பழையவழிப்போக்கன் · பதிவு 5

மூன்றாவது ஐயத்தைத் தொட யாரும் முன்வராததால், வெட்கத்தை விட்டு என் கதையைச் சொல்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் நானும் ஓர் அலுவலக நண்பரும் பாட்போங் இரவுச் சந்தையில் துணிகளைப் பார்த்துக்கொண்டிருந்தோம். உண்மையில் அங்கே எங்களை இறக்கிவிட்டதே ஒரு டுக்-டுக் ஓட்டுநர்தான். அவர் இறங்கிவந்து ஒருவரிடம் எங்களை அறிமுகமும் செய்துவைத்தார். அந்த ஆள் கையில் பிளாஸ்டிக் உறையிட்ட அட்டை ஒன்று இருந்தது. அதில் மேல்மாடியில் நடக்கும் காட்சிகளின் பட்டியல். ‘நுழைவு இலவசம், பீர் 100 பாட்’ என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. நம்பி ஏறினோம்.

படிக்கட்டு ஓர் ஆள் ஏறும் அகலம்தான். உள்ளே இருட்டு, நாங்கள் உட்காரும் முன்பே இரண்டு பெண்கள் பக்கத்தில் வந்து அமர்ந்தார்கள், கேட்காமலே அவர்கள் கையிலும் கோப்பைகள் வந்தன. காட்சி என்று அவர்கள் நடத்தியதை விவரிக்க மாட்டேன். அங்கே சிரித்துக்கொண்டிருந்தவர் ஒருவரும் இல்லை, நடத்தியவர்கள் உட்பட. பத்து நிமிடத்தில் எழுந்தோம். பில் 4,000 பாட். ‘காட்சிக் கட்டணம்’ என்று தனி வரி இருந்தது. கதவருகில் இருவர் வந்து நின்றார்கள். நண்பர் பர்ஸை எடுத்துவிட்டார். நான் கைபேசியில் சுற்றுலாக் காவலரின் எண்ணான 1155ஐ அழுத்தி, திரையை அந்தக் காசாளர் அம்மையாருக்குத் தெரியும்படி மேசை மீது வைத்தேன். தொகை 1,500 ஆனது. கொடுத்துவிட்டு இறங்கினோம். அந்த 1,500ம் தண்டம்தான். ஆனால் அந்தப் படிக்கட்டில் வீரம் காட்டியிருந்தால் வேறு வகையில் செலவு ஆகியிருக்கும்.

கீழ்த்திசை · பதிவு 6

நீங்கள் செய்தது சரி. கீழே தெருவில் இறங்கும்வரை சண்டை கூடாது; இறங்கியபின் புகார் செய்யலாம். மேல்மாடிக்கு அழைப்பவரைப் பின்தொடரக் கூடாது என்பதும், கையில் அட்டையோடு வருபவரிடம் நின்று பேசவே கூடாது என்பதும் அந்தத் தெருவில் குடியிருப்பவர்கள் எல்லோரும் அறிந்த விதி.

தம்பியின் நண்பருக்கு ஒரு நற்செய்தியும் உண்டு. நீங்கள் தங்குமிடத்திலிருந்து சோய் கௌபாய் நடைதூரம். 21ஆம் சோய்க்கும் 23ஆம் சோய்க்கும் இடைப்பட்ட சிறிய தெரு. அதே வகை விடுதிகள் உள்ள நானா பிளாசா ஒரு நிறுத்தம் தள்ளி இருக்கிறது. யாரும் அழைத்துச் செல்ல வேண்டியதில்லை. கணக்கு எப்படி நடக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால் பாதிக் கவலை தீர்ந்தது. நீங்கள் ஒரு பீர் கேட்டதும் ஒரு துண்டுச்சீட்டைச் சுருட்டி உங்கள் முன்னால் இருக்கும் சிறிய குவளைக்குள் செருகுவார்கள். ஒவ்வொரு கோப்பைக்கும் ஒரு சுருள். எழுந்திருக்க நினைக்கும்போது ‘செக் பின்’ என்றால் அந்தச் சுருள்களைக் கூட்டித் தொகை சொல்வார்கள். சுருள் விழும்போதெல்லாம் எடுத்து விரித்துப் பாருங்கள். அதை யாரும் தவறாக நினைக்கமாட்டார்கள். மூன்றாவது கோப்பைக்குப் பின் பார்ப்பதை நிறுத்திவிடுகிறவர்கள்தான் மறுநாள் காலை தலையைப் பிடித்துக்கொள்கிறார்கள்.

பக்கத்தில் வந்து அமரும் பெண் ‘எனக்கு ஒரு கோப்பை?’ என்று கேட்டால் அதற்கு ‘லேடி டிரிங்க்’ என்று பெயர். விலை உங்கள் பீரை விடக் கூடுதல். அதில் ஒரு பங்கு அவருடைய வருமானம். வேண்டாம் என்றால் புன்னகையோடு ஒரு முறை சொன்னால் போதும். கூரையிலோ மேடை ஓரத்திலோ ஒரு மணி தொங்கினால் அதைத் தொடாதீர்கள். அதை அடிப்பவர் அங்கிருக்கும் எல்லோருக்கும் ஒரு சுற்று வாங்கித் தருவதாக ஒப்புக்கொள்கிறார் என்று பொருள். எங்கள் அலுவலகத்துக்கு வந்த ஒரு விருந்தினர் கோயில் மணி போல இருக்கிறதே என்று அடித்துவிட்டார். அடுத்த அரை மணி நேரம் நான் சுருள்களை எண்ணிக்கொண்டிருந்தேன்.

உள்ளே படம் எடுக்காதீர்கள். கடவுச்சீட்டை அறைப் பெட்டகத்தில் வைத்துவிட்டு நகலை மட்டும் கொண்டுசெல்லலாம் என்றாலும், நடனக் கூடங்களில் அசலைக் கேட்பதுண்டு; மதுவுக்கான வயது 20. இரண்டு மணிக்கு மூடிக்கொண்டிருந்த உரிமம் பெற்ற விடுதிகளுக்கு 2023 டிசம்பர் 15 முதல் பாங்காக்கில் நான்கு மணிவரை அனுமதி தரப்பட்டது. கடைகளில் நள்ளிரவுக்குப் பின் மது விற்கமாட்டார்கள். மின்சிகரெட்டை எடுத்து வரவே வேண்டாம். 2014 முதல் அதன் இறக்குமதிக்குத் தடை. கஞ்சாக் கடைகளின் பச்சை இலைப் பலகைகளைப் பார்த்து ஏமாற வேண்டாம். 2022இல் தளர்த்தியதை 2025 ஜூனில் மருத்துவச் சீட்டு இருந்தால் மட்டுமே என்று மீண்டும் இறுக்கிவிட்டார்கள்.

முக்கோணம் · பதிவு 7

மன்னிக்க வேண்டும், இவ்வளவு நேரமும் நாம் எப்படி ஏமாறாமல் இருப்பது என்பதை மட்டுமே பேசிக்கொண்டிருக்கிறோம். சுருட்டிய சீட்டை எண்ணுவது எப்படி என்று ஒருவர் கற்றுத்தருகிறார். எதிரில் அமர்ந்திருக்கும் பெண் அந்த இடத்துக்கு எப்படி வந்தார் என்று ஒருவரும் கேட்கவில்லை. ‘சும்மா பார்த்துவிட்டு வருகிறோம்’ என்பதைப் போன்ற பொய் வேறில்லை. பார்ப்பதற்கு ஆள் வருவதால்தான் அந்தத் தெரு இருக்கிறது. என் கருத்தில் நெடுஞ்சாலைநாரை அவர்கள் நண்பருக்குச் சொல்ல வேண்டிய ஒரே விடை ‘போகாதே’ என்பதுதான்.

கீழ்த்திசை · பதிவு 8

உங்கள் கேள்வி நியாயமானது. நான் அதைத் தவிர்த்துவிட்டேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். சட்டத்தைப் பற்றித் தம்பி கேட்டதற்கும் இதிலேயே விடை இருக்கிறது.

தாய்லாந்தில் பாலியல் தொழில் சட்டப்படி குற்றம்தான். இப்போது நடப்பில் இருப்பது 1996ஆம் ஆண்டின் தடுப்புச் சட்டம். விளக்குப் பலகை போட்டு வெளிப்படையாக நடப்பதைப் பார்த்து ‘இங்கே இது அனுமதிக்கப்பட்டது’ என்று வெளிநாட்டவர் முடிவு கட்டிவிடுகிறார்கள். நடப்பு வேறு, சட்டம் வேறு. பெண் விடுதியை விட்டு வெளியே வருவதற்காக விடுதிக்குக் கட்டும் தொகையை ‘பார் ஃபைன்’ என்கிறார்கள். அதற்கு மேற்பட்டதை இருவருக்கிடையிலான சொந்த விஷயம் என்று சொல்லிவிடுவது விடுதிகளின் சாமர்த்தியம். வயதில் மட்டும் எந்தச் சாமர்த்தியமும் செல்லாது. 15க்கு மேல் 18க்குள் உள்ளவரோடு அத்தகைய இடத்தில் உறவு கொள்பவருக்கு ஓராண்டு முதல் மூன்றாண்டுவரை சிறை என்று அந்தச் சட்டம் சொல்கிறது. அதற்கும் குறைந்த வயதென்றால் தண்டனை இன்னும் கூடும். 2008இல் ஆள்கடத்தலுக்கு எதிராகத் தனிச் சட்டமும் வந்தது. ஒருவர் மிகச் சிறியவராகத் தெரிந்தாலோ அச்சத்தில் இருப்பதாகத் தோன்றினாலோ எழுந்து வெளியே வந்து 1155க்குச் சொல்லுங்கள்.

அந்தத் தெருக்கள் எப்படி வந்தன என்றும் கேட்டீர்கள். பாட்போங் 1946 அளவில் ஒரு குடும்பம் வாங்கிய வாழைத்தோட்டம். வியட்நாம் போரின்போது, 1967இல், அமெரிக்கப் படைவீரர்களை ஓய்வுக்காக இங்கே அனுப்புவதற்கு உடன்பாடு ஏற்பட்டது. விடுதிகள் பெருகியது அந்த வருகையால். சோய் கௌபாய் என்ற பெயரே 1970களில் அங்கே மதுக்கடை திறந்த, தொப்பி அணியும் ஓர் அமெரிக்க முன்னாள் விமானப்படை வீரரின் பட்டப்பெயர். அங்கே வேலை செய்யும் பெண்களில் பலர் வடகிழக்கான இசான் பகுதியின் நெல்வயல் ஊர்களிலிருந்து வந்தவர்கள். மாதந்தோறும் வீட்டுக்குப் பணம் அனுப்புகிறவர்கள். ‘போகாதே’ என்பதில் எனக்கு மறுப்பில்லை, ஆனால் எல்லோரையும் கட்டிவைத்திருக்கிறார்கள் என்று எண்ணுவதும் சரியல்ல. எம்பவர் என்ற அமைப்பு 1985இல் பாட்போங்கில் அந்தப் பெண்களுக்கு ஆங்கிலம் கற்பிப்பதில் தொடங்கியது. அந்தத் தொழிலைக் குற்றப்பட்டியலிலிருந்து நீக்க வேண்டும் என்று இன்றும் கேட்டுக்கொண்டிருப்பவர்கள் அவர்கள்தான்.

உப்புக்காற்று · பதிவு 9

நான் பெண், பாங்காக்கில் பதினோரு நாட்கள் தனியாகச் சுற்றியவள். இருவர் சொல்வதிலும் பாதியை ஏற்கிறேன். ‘பார்க்கப் போகலாமா கூடாதா’ என்று நீங்கள் வாதாடுவதைப் படிக்கும்போது, அந்த ஊரின் இரவே இந்த மூன்று தெருக்கள்தான் என்பது போலத் தோன்றுகிறது. பாங்காக் மக்கள் இரவில் போகும் இடங்கள் வேறு. வெற்றிச் சின்னத்துக்கு அருகே 1987லிருந்து நடக்கும் சாக்சபோன் என்ற இசை விடுதியில் ஒரு பீரை வைத்துக்கொண்டு மூன்று மணி நேரம் ஜாஸ் கேட்டேன், யாரும் எழுப்பவில்லை. தோங்லோ, எக்கமாய் பகுதிகளில் அலுவலகம் முடிந்து வரும் தாய் இளைஞர்கள் ஒரு முழுப் புட்டியை வாங்கி நடுவில் வைத்து, ஐஸும் சோடாவும் கலந்து கூட்டமாகக் குடிக்கிறார்கள். மிஞ்சியதைப் பெயரெழுதி அங்கேயே வைத்துவிட்டு அடுத்த வாரம் வந்து குடிப்பதும் உண்டு. காவ் சான் சாலையில் சிறிய வாளியில் மதுவைக் கலந்து உறிஞ்சுகுழல்களோடு தருவார்கள். அதில் எவ்வளவு கலந்திருக்கிறது என்று தெரியாது. உங்கள் வாளியை விட்டு எழுந்து போனால் திரும்பி வந்து அதைக் குடிக்காதீர்கள். ஆண்களுக்கும் இதே விதிதான்.

இரவு பதினொன்றுக்கு ஸ்கைட்ரெயினில் தனியாக வருவது எனக்கு எந்தப் பதற்றத்தையும் தரவில்லை. பதற்றம் தந்தது வேறு. விடுதித் தெருவின் வாசலில் நின்று கைபேசியை உயர்த்திப் பிடித்து, வேலைக்கு வந்து இறங்கும் பெண்களைப் படம் பிடித்துக்கொண்டிருந்த ஒரு கூட்டம். அவர்கள் பேசிய மொழி எனக்கு நன்றாகவே புரிந்தது என்பதுதான் வேதனை. உங்கள் நண்பர் போவதும் போகாததும் அவர் விருப்பம். போனால் விருந்தாளியாக நடந்துகொள்ளட்டும்.

மசாஜ் பற்றி யாரும் எழுதவில்லை. தாய் மரபு மசாஜ் 2019இல் யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் சேர்ந்த கலை. தெருவைப் பார்த்த கண்ணாடிக்குள் வயதான அம்மையார்கள் கால்களைப் பிடித்துவிடும் கடை ஒரு வகை. திரையிட்ட கதவுக்கு முன் ஒப்பனையோடு அமர்ந்து கையைப் பிடித்து இழுக்கும் கடை மற்றொரு வகை. வித்தியாசம் தெருவிலிருந்தே தெரியும். வாட் போ கோயில் வளாகத்திலேயே செய்துகொண்டால் ஐயமே இல்லை.

முக்கோணம் · பதிவு 10

சகோதரி எழுதியதைப் படித்தபின் என் ‘போகாதே’யைச் சற்றுத் தளர்த்திக்கொள்கிறேன். படம் எடுப்பதைப் பற்றிச் சொன்னீர்களே, அதுதான் நான் சொல்ல வந்தது.

நெடுஞ்சாலைநாரை · பதிவு 11

நேற்று ஊர் திரும்பினோம். விடை சொன்ன அனைவருக்கும் நன்றி. என்ன நடந்தது என்பதைச் சொல்லாமல் விடுவது முறையல்ல.

சைவ நண்பர்தான் எங்கள் மூவரிலும் நன்றாகச் சாப்பிட்டவர். மணி ஐயா சொன்ன நான்கு வரிகளைக் கைபேசியில் வைத்துக்கொண்டு ஒரு தள்ளுவண்டியின் முன் நின்றார். கடைக்காரப் பெண்மணி திரையைக் கண்ணருகே பிடித்துப் படித்தார். மீன் சாற்றுப் புட்டியைத் தூக்கி அசைத்து ‘இது வேண்டாமா?’ என்பது போல விரலை ஆட்டினார். பிறகு வாணலியைத் தண்ணீர் ஊற்றிக் கழுவி, துடைத்து, வேறொரு கரண்டியை எடுத்தார். எதையும் கேட்காமலே கரண்டியை மாற்றியதைத்தான் நண்பர் இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார்.

இரண்டாம் இரவு சோய் கௌபாய் சென்றோம். நடந்தே சென்றோம், வழியில் மூவர் அட்டையை நீட்டினார்கள், நிற்கவில்லை. விடுதியில் நாங்கள் இருவர் மட்டும் பீர் வாங்கினோம், ஆனால் குவளையில் மூன்று சுருள்கள் இருந்தன. விரித்துப் பார்த்தால் ஒன்று லேடி டிரிங்க். சத்தத்தில் அந்தப் பெண் என்ன கேட்டார் என்று புரியாமலே நம் ஆள் தலையை ஆட்டியிருக்கிறார். தவறு அவர் பேரில் என்பதால் கொடுத்துவிட்டோம். பார்த்தே தீருவேன் என்றவர் இருபத்தைந்தாவது நிமிடத்தில் ‘காது வலிக்கிறது, போகலாம்’ என்றார். வேறு காரணமும் இருந்திருக்கலாம், நான் கேட்கவில்லை. மறுநாள் உப்புக்காற்று அக்கா சொன்ன இசை விடுதிக்குச் சென்றோம். அங்கே ஒரு மணிவரை எழுந்திருக்க மறுத்தவரும் அவர்தான். வெளியே நின்றிருந்த டாக்சி 400 பாட் கேட்டது. ஐம்பது அடி நடந்து சிவப்பு எழுத்து எரிந்துகொண்டு வந்த வண்டியை மறித்தோம். மீட்டரில் 95 ஆனது.

ஒரே இழப்பு என்னுடையது. உணவுக்கூட அட்டையில் 85 பாட் மீதி இருக்கும்போதே அவசரத்தில் வெளியே வந்துவிட்டேன். அட்டை இப்போது என் மேசை மீது கிடக்கிறது.

கீழ்த்திசை · பதிவு 12

அன்றே மாற்றியிருக்க வேண்டும், தம்பி. ஆனாலும் தூக்கி எறிந்துவிடாதீர்கள். அடுத்து யாராவது இங்கே வந்தால் கொடுத்தனுப்புங்கள். நான் கவுண்டரில் நின்று கேட்டுப் பார்க்கிறேன்.